கேஸ் முடிகிற வரைக்கும்

"மேற்படி வழக்கு இன்று எடுத்துக்கொள்ளப்படவில்லை. அடுத்த மாதத்துக்கு வாய்தா. சாட்சிகள் வரத் தேவையில்லை. மற்றவை நேரில்."

கடலூரிலிருந்து எங்கள் வக்கீலின் குமாஸ்தா எழுதிய முதல் கார்டு இது. அஞ்சல் முத்திரையில் நாள் அழிந்துவிட்டது. 1963 ஜூன் என்பது மட்டும் தெளிவாக இருக்கிறது. செஞ்சி கடைவீதியில் இருந்த எங்கள் பாத்திரக்கடை முகவரிக்கு, நைனா பெயருக்கு வந்தது. எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அதற்குப் பின் வந்த கார்டுகளையும் மாத வாரியாக அடுக்கிக் கட்டி வைத்திருக்கிறேன். வாசகம் அநேகமாக இதேதான். "அடுத்த மாதம்" என்ற இடத்தில் மாதத்தின் பெயர் மட்டும் மாறும். வீட்டில் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள் நான் ஒருத்தி என்பதால், கார்டைப் படித்துக் காட்டுவதும் காலண்டரில் குறித்து வைப்பதும் என் வேலையாயின. தேதி குறிக்கும் பழக்கம் எனக்கு அப்படித்தான் வந்தது.

வழக்கு அக்காவுடையது. 1962 கார்த்திகையில் திண்டிவனத்தில் உறவுக்காரர் வீட்டு வளைகாப்புக்குப் போய்விட்டு, அம்மாவும் அவளும் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் காய்ச்சல், போகவில்லை. வல்லத்துக்கு அருகே எதிரே வந்த கட்டை வண்டிக்கு ஒதுங்கப் போன பஸ், மதகுச் சுவரில் மோதி ஒருக்களித்து விழுந்தது. அம்மாவுக்குக் கையில் சிராய்ப்பு. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அக்காவுக்கு இடது தொடை எலும்பு நொறுங்கி, கன்னத்தில் காது முதல் தாடை வரை கிழிந்தது. பாண்டிச்சேரியில் மாதக்கணக்கில் படுத்திருந்தாள். எலும்பு சேர்ந்தது, ஆனால் கால் குட்டையாகச் சேர்ந்தது. அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது.

அவளுக்கும் அனந்தபுரத்தில் இருந்த அத்தை மகனுக்கும் கல்யாணம் என்பது விபத்துக்கு முன்பே பேசி முடித்த விஷயம். நைனாவின் ஒரே தங்கை அத்தை. அவள் வீட்டுக்கு எங்கள் வீட்டுப் பெண் போக வேண்டும் என்பதில் யாருக்கும் மறுபேச்சு இல்லை. அத்தை மகன் மல்லாட்டை மண்டி வைத்திருந்தார். நிலக்கடலையைத்தான் மல்லாட்டை என்கிறோம். வரும் தையில் பரிசம் என்று நாள் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் பஸ் கவிழ்ந்தது.

மனுப் போடக் கெடு முடியப் போகிறது என்று குமாஸ்தா ஆஸ்பத்திரிக்கே காகிதங்களோடு வந்தார். என் குறிப்பில் 1963 பொங்கலுக்கு முந்தைய வாரம் என்று இருக்கிறது. அக்கா கட்டிலில் படுத்தபடியே கையெழுத்துப் போட்டாள். பிறகு எங்களை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, ஆங்கிலத்தில் இருந்த மனுவைத் தமிழில் சொல்லிக்கொண்டே போனார். வைத்தியச் செலவு, வலி, வேதனை, நிரந்தர ஊனம். கடைசியாக, "கல்யாணம் ஆகிற வாய்ப்பு அடியோட போயிடுச்சுன்னு ஒரு தலைப்பு போட்டிருக்குது. வயசுப் பொண்ணு கேஸுக்கு அதுதான் உசுரு" என்றார்.

நைனா குழம்பிப்போனார். "அப்படி எப்படிங்க போடறது? எந்தங்கச்சி புள்ள இருக்கானே. கட்டிக்கிறேன்னு நிக்கறானே."

"நிக்கட்டும். யாரு வேணாம்னா? இப்பவே தாலி கட்டிட்டீங்கன்னா ஜட்ஜி இன்னா கேப்பாரு? 'இன்னாய்யா, வாய்ப்பு போச்சுன்னு எழுதிட்டு கல்யாணச் சாப்பாடு போட்டிருக்கே'ன்னு கேக்க மாட்டாரா? கேஸ் முடியட்டும். ஆறு மாசம். அப்புறம் ஜாம் ஜாம்னு வச்சிக்குங்க. எனக்கும் பத்திரிகை அனுப்புங்க."

அத்தை பக்கத்தில்தான் இருந்தாள். "ஆறு மாசம்தானேண்ணா? அவளும் எழுந்து நடக்க வேணாமா? ஆவட்டும்" என்றாள். எல்லோருக்கும் அது நியாயமாகவே பட்டது. எனக்கும் பட்டது.

நைனாவைப் பணத்தாசைக்காரர் என்று யாரும் நினைக்கக் கூடாது. அவர் கணக்கு வேறு. "காலு குட்டையான பொண்ணு. இன்னிக்கு அவன் கட்டிக்குவான். நாளைக்கு அவன் மனசு மாறிப்போச்சுன்னா? அவ பேர்ல ஏதாச்சும் இருக்கணும்" என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் கல்யாண வாழ்க்கைக்குக் காவலாகத்தான் அந்த வழக்கைப் போட்டார்.

ஆறு மாதம் என்பது எப்படி ஆறு வருஷம் ஆயிற்று என்பதைக் கார்டுகளை வைத்துச் சொல்ல முடியும். முதலில் பஸ் டிரைவர் மேல் போலீசார் போட்ட வழக்கு முடிய வேண்டும் என்றார்கள். அது முடிந்து அவருக்கு அபராதம் விதித்தபோது 1964 பிறந்திருந்தது. பிறகு இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர்கள் பதில் மனுப் போட அவகாசம் கேட்டார்கள். அவகாசம் முடிந்தபோது ஜட்ஜுக்கு மாற்றல் ஆகியிருந்தது. புதிய ஜட்ஜ் வந்ததும் கோர்ட்டுக்குக் கோடை விடுமுறை. கால் எலும்பைப் படம் பிடித்த டாக்டர் வேறு ஊருக்குப் போய்விட்டார். அவருக்குச் சம்மன் போய்ச் சேரவில்லை. 1965 தையில் இந்தி எதிர்ப்புக் கலவரம்; பஸ்ஸே ஓடவில்லை. ஒவ்வொரு தடவையும் அத்தை அனந்தபுரத்திலிருந்து ஆள் அனுப்பிக் கேட்பாள். ஒவ்வொரு தடவையும் நைனாவின் பதில் ஒன்றுதான்: "இன்னும் ஒரு ஆறு மாசம்."

கவிழ்ந்த பஸ் அக்காவுக்கு முந்தியே எழுந்துவிட்டது. நெளிவு எடுத்து, புதுப் பெயிண்ட் அடித்து, அதே தடத்தில் விட்டுவிட்டார்கள். காலையும் மாலையும் எங்கள் கடைவீதியைத் தாண்டித்தான் போகும். அதன் ஹாரன் சத்தம் அக்காவுக்குத் தெரியும். என்ன பேசிக்கொண்டிருந்தாலும் பாதியில் நிறுத்திவிடுவாள். சத்தம் கோட்டைப் பக்கம் போய்த் தேய்ந்த பிறகு, விட்ட சொல்லிலிருந்து தொடருவாள். நாங்களும் அவளோடு சேர்ந்து வாயை மூடிக்கொள்ளப் பழகினோம். வெளியாள் யாராவது வீட்டில் இருந்தால் அவர்களுக்கு ஒன்றும் புரியாது. ஒரு நிமிஷம் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துத் திருதிருவென்று விழிப்பார்கள்.

அத்தை மகன் செஞ்சிச் சந்தைக்கு வரும்போதெல்லாம் வீட்டுக்கு வருவார். வறுத்த மல்லாட்டை ஒரு பொட்டலம் இருக்கும். அக்கா சும்மா விடமாட்டாள்.

"இன்னா மாமா, மண்டியில எடை போட ஆள் வச்சிட்டீங்களா? இந்தப் பக்கமே சுத்திக்கினு இருக்கீங்க."

"ஆள் இருக்குது. எடைதான் குறையுது. நீ வந்து பார்த்தா சரியாயிடும்."

"எங்காலே எடை குறைஞ்சுதான் இருக்குது. நான் வந்தா தராசு ஒரு பக்கமாச் சாயும்."

அவர் சிரிப்பார். அவளுக்கும் சிரிப்பு வரும். உடனே அம்மா சமையலறையிலிருந்து, "மெதுவா, மெதுவா! தெருவுல ஆள் போறான்" என்பாள்.

இதற்குக் காரணம் உண்டு. இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர்கள் துப்புப் பார்க்க ஆள் அனுப்புவார்கள் என்று குமாஸ்தா ஒருமுறை சொல்லிவிட்டார். அவர் போகிற போக்கில்தான் சொன்னார். எங்கள் வீடு அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டது. அக்கா வாசலில் நிற்பதில்லை. மாசித் திருவிழாவுக்குப் போவதில்லை. கல்யாண வீடுகளுக்குப் போவதே இல்லை. அங்கே யார் வருவார்கள் என்று யாருக்குத் தெரியும்? நல்ல புடவை பெட்டியில் இருந்தது. நடந்தால் யாரும் பார்த்துவிடக் கூடாது, சிரித்தால் யாரும் கேட்டுவிடக் கூடாது. மனுவில் எழுதியிருந்த பெண்ணைப் போல அவள் இருக்க வேண்டியிருந்தது.

தெருவும் எங்களுக்கு உதவி செய்தது. 1964 மாசியில் என்று குறிப்பு சொல்கிறது. கால்சட்டை போட்ட ஒருவர், கையில் தோல் பையுடன் கடைவீதியில் நின்று ஏதோ விசாரித்தார். எங்களுக்கு எதிர்க்கடை அத்தர், ஊதுவத்தி விற்கும் பாய். எங்கள் குடும்பத்துக்கு வேண்டியவர். அக்காவைத் தூக்கி வளர்த்தவர். அந்த ஆள் வாயைத் திறந்ததுமே அவர் உரக்க ஆரம்பித்துவிட்டார்.

"அந்தப் பொண்ணைப் பத்தியா கேக்கறீங்க? ஐயோ, அது கதை முடிஞ்சுதுங்க. எழுந்து ஒரு சொம்புத் தண்ணி மொள்ள முடியாது. மூஞ்சியைப் பார்க்க முடியாது. எவன் கட்டுவான்? இருந்தும் இல்லாத மாதிரிதான்."

பக்கத்தில் இருந்த பூக்காரம்மாள் அதற்குமேல் ஒரு பங்கு சேர்த்தாள். "நல்லாத்தான் இருந்துச்சு, பாவி. போயிடுச்சு."

வந்தவர் விழித்தார். அவர் ராஜகிரிக்குப் போகும் வழி கேட்க வந்தவர். கோட்டையைப் படம் எடுக்க மதராஸிலிருந்து வந்தாராம். விஷயம் தெரிந்ததும் தெருவே சிரித்தது. பாய் தலையில் அடித்துக்கொண்டார். நானும் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தேன். அக்கா கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறது. "இன்னாடி, பாய் நல்லா அழுதாரா?" என்று மட்டும் கேட்டாள். அன்றிலிருந்து கண்ணாடி முன் நிற்கும்போது தழும்பை விரலால் தொட்டுப் பார்ப்பதை நான் கவனித்திருக்கிறேன். அதற்கு முன்பும் அவள் தொட்டிருக்கலாம். நான் கவனித்தது அதன் பிறகு.

அக்காவைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியது 1965 ஆகஸ்டில். நைனா, நான், அத்தை மகன் மூவரும் கூடப் போனோம். விழுப்புரத்தில் பஸ் மாறும்போது படி ஏற்றி இறக்க ஆள் வேண்டும் என்று அத்தை மகன் தானாகவே வந்தார். அவளுடைய இடது செருப்புக்கு அடிப்பாகம் தடிமனாக வைத்துத் தைத்திருந்தார்கள். கூண்டில் ஏறும் முன் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். அவர் அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். நான் அவருக்கு இரண்டு ஆள் தள்ளி இருந்தேன்.

டவாலி அவள் பெயரை மூன்று தடவை கூப்பிட்டார். அவள் முதல் தடவையே எழுந்துவிட்டாள். ஆனால் நடந்து போய்ச் சேர்வதற்குள் மற்ற இரண்டும் ஆகிவிட்டன. கடவுள் அறியச் சொல்வதெல்லாம் உண்மை என்று பிரமாணம் வாங்கினார்கள். கம்பெனி வக்கீல் வயதானவர், சாந்தமானவர். மகளிடம் பேசுகிற மாதிரிதான் கேட்டார்.

"உனக்கு அத்தை மகன் ஒருத்தர் இருக்காராம்மா?"

"இருக்காருங்க."

"அவர் உன்னைக் கட்டிக்கிறதாச் சொன்னாரா?"

அவள் ஜட்ஜைப் பார்த்தாள். பிறகு கூண்டின் கட்டையைப் பார்த்தாள். எங்கள் பக்கம் திரும்பவில்லை.

"இல்லிங்க."

"உனக்காவது அவரைக் கட்டிக்கிற எண்ணம் இருந்ததா?"

"இல்லிங்க. அந்த எண்ணமே இல்லிங்க."

ஜட்ஜ் சொல்லச் சொல்ல டைப் அடிக்கிறவர் அடித்துக்கொண்டே இருந்தார். அந்தச் சத்தம் நின்ற பிறகுதான் அத்தை மகன் பக்கம் பார்க்க எனக்குத் துணிவு வந்தது. அவர் செருப்பின் வாரைச் சரிபார்ப்பவர் போலக் குனிந்திருந்தார்.

கோர்ட்டுக்கு எதிரே ஓட்டலில் சாப்பிட்டோம். அவள்தான் முதலில் பேசினாள். "இன்னா மாமா, இட்லி ஆறிப்போவுது." அவர் சாப்பிட்டார்.

அதோடு வழக்கு முடிந்திருந்தால் எல்லாம் சரியாகப் போயிருக்கும் என்று நான் நினைத்ததுண்டு. ஆனால் அந்த நாளின் விளைவை நாங்கள் யாரும் எதிர்பாராத ஆள் பெரிதாக்கினார். நைனாதான். அவர் பொய் சொல்லி வியாபாரம் செய்யாதவர். கோர்ட்டுக்குள் அன்றுதான் முதல்முறையாகக் காலை வைத்தார். மகள் கடவுள் பெயரைச் சொல்லிப் பிரமாணம் செய்ததைக் கண்ணால் பார்த்துவிட்டார். ஊருக்கு வந்த பிறகு அவருக்குத் தூக்கம் போயிற்று. அடுத்த வாரம் அத்தை வந்தபோது சொன்னார்:

"இனிமே அவளை உம்புள்ளைக்குக் குடுக்க முடியாதும்மா. கேஸ் முடிஞ்சாலும் முடியாது. கடவுள் அறிய இல்லேன்னுட்டா. குடுத்தா பொய் சத்தியம் ஆயிடும். சாமியும் சும்மா விடாது, போலீசும் சும்மா விடாது."

"இன்னாண்ணா பேசறே? கோர்ட்டுல எல்லாரும் சொல்றதுதானே."

"எல்லாரும் சொல்லட்டும். எம்பொண்ணு சொல்லிட்டா. அவ்வளவுதான்."

ஒரு வக்கீலிடம் கேட்டிருந்தால் இரண்டு வார்த்தையில் தெளிந்திருக்கும். கேட்கவில்லை. கேட்டால் விஷயம் வெளியே வந்துவிடும் என்று பயம். அத்தை மகனுக்கு இருபத்தெட்டு முடிந்திருந்தது. அத்தை திரும்பி, முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்தாள்.

"சத்தியம் பண்ணது பெரியவ. சின்னவ பண்ணலியே."

அக்கா அப்போது பக்கத்து அறையில் இருந்தாள். பஸ் எதுவும் போகவில்லை. ஆனாலும் அந்த அறையில் சத்தம் இல்லை.

என்னைக் கேட்டார்களா என்று பிற்காலத்தில் என் மகள் என்னிடம் கேட்டாள். கேட்டார்கள். அம்மா கேட்டாள். நான் "அக்கா இன்னா சொல்றா?" என்றேன். "அவதான் சொன்னா, சின்னவளைக் குடுங்கன்னு" என்றாள் அம்மா. மூத்தவள் இருக்க இளையவளுக்கா என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. அவளுக்குக் கேஸ் இருக்குது என்றார்கள்; அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. 1966 தை மாதம் கல்யாணம் நடந்தது. முகூர்த்தத்துக்கு முன் அக்காதான் எனக்குத் தலை பின்னிப் பூ வைத்தாள். "அக்கா, உனக்கு…" என்று ஆரம்பித்தேன். "ஆடாதே. பூ கலையுது" என்றாள். பந்தலுக்கு அவள் வரவில்லை. வெளியூர் ஆட்கள் வருவார்கள் இல்லையா.

தீர்ப்பு 1967-இல் வந்தது. கம்பெனிக்காரர்கள் மேல்கோர்ட்டுக்குப் போவதாகச் சொன்னார்கள். கடைசியில் 1968 இறுதியில் இரு தரப்பும் ராஜியாகி, தீர்ப்பில் சொன்னதைவிடக் குறைந்த தொகைக்கு முடிந்தது. தீர்ப்பின் நகலைப் பிற்பாடு வாங்கிப் படித்தேன். கால், தழும்பு, வலி எல்லாவற்றுக்கும் சேர்த்து மொத்தமாக ஒரு தொகை. கல்யாண வாய்ப்பு என்ற தலைப்பைப் பற்றி ஜட்ஜ் தனியாக ஒரு வரியும் எழுதவில்லை. அத்தை மகனைப் பற்றிய கேள்வியும் பதிலும் அதில் எங்கும் இல்லை.

நான் அனந்தபுரத்தில் குடித்தனம் செய்தேன். அக்கா பாத்திரக்கடையில் நைனாவுக்குப் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தாள். அவருக்குப் பின் கடை அவளுடையது. பேரம் பேசுவதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை என்பார்கள். நான் ஊருக்குப் போனால் என் வீட்டுக்காரரைப் பற்றி விசாரிப்பாள். மரியாதையாக விசாரிப்பாள். மாமா என்ற சொல் 1966-க்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. "உங்க வீட்டுல" என்பாள். அவர் வந்தால் எழுந்து நிற்பாள். கடலைப் பொட்டலம் அவர் கையில் இருந்ததில்லை. எங்கள் வீட்டில் நாங்கள் இருவரும் அந்தக் கோர்ட்டைப் பற்றிப் பேசியதில்லை. பேசாமல் இருப்பதற்கென்று சில நேரங்கள் எங்களுக்குள் இருந்தன. ஆகஸ்டு மாதத்தில் அவை அதிகம்.

1969-இல், மாதம் சித்திரை அல்லது வைகாசி, விழுப்புரம் பஸ் நிலையத்தில் பழைய குமாஸ்தாவைப் பார்த்தோம். வக்கீலிடமிருந்து விலகிவிட்டதாகச் சொன்னார். என் இடுப்பில் இருந்த குழந்தையைக் கொஞ்சினார். பேச்சுவாக்கில், "அறுபத்து நாலுலயே முடிஞ்சிருக்க வேண்டிய கேஸும்மா இது. கம்பெனிக்காரங்க கோர்ட்டு வராந்தாவுல ராஜிக்கு வந்தாங்க. கடைசியா வந்த தொகையும் அவங்க சொன்ன தொகையும் ஏறக்குறைய ஒண்ணுதான். யாரு வேணாம்னாங்களோ" என்றார். யார் வேண்டாம் என்றது என்று நான் கேட்பதற்குள் அவர் பஸ் வந்துவிட்டது. ஏறிப் போய்விட்டார்.

பஸ்ஸில் என் வீட்டுக்காரர், "அந்த ஆளு சும்மா வாய் விடுவான்" என்றார். அனந்தபுரம் வரும்வரை வேறு எதுவும் சொல்லவில்லை.

அறுபத்து நாலு என்றால் அக்கா கூண்டில் ஏறுவதற்கு முந்தைய வருஷம். அப்போதே முடிந்திருந்தால் பிரமாணம் இல்லை, கேள்வி இல்லை, பதில் இல்லை.

நான் தேடிப் பார்த்தேன். கார்டுக் கட்டில் ராஜி என்ற சொல் 1968-க்கு முன் வரவில்லை. வராந்தாவில் வாய்ப்பேச்சாகப் பேசியதற்குக் காகிதம் இருக்காது. வக்கீலுக்கு எழுதினேன், அவர் இறந்துவிட்டார் என்று அவர் மகன் பதில் போட்டார். நைனாவிடம் கேட்டேன். "ஞாபகம் இல்லியே" என்றார். அப்போது அவருக்குப் பல விஷயங்கள் ஞாபகம் இல்லாமல் போயிருந்தன. அதனால் அந்தப் பதிலை ஆம் என்றோ இல்லை என்றோ எடுத்துக்கொள்ள முடியாது. அக்காவிடம் கேட்கவில்லை. அவளுக்கு அது தெரியாது என்றால் என் மூலம் தெரிய வேண்டாம்.

1964-இல் ராஜிக்கு வந்தார்கள் என்பதற்குக் குமாஸ்தாவின் வாய்ச்சொல் ஒன்றே ஆதாரம். வேறு எவரும் உறுதி செய்யவில்லை. சரிபார்க்கப்படாத செய்தியாகவே இங்கே குறிக்கிறேன்.